பெரியவரை நிறுத்தக் கூடாது

வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். காலை நீட்டிக்கொள்கிறவர்கள் நீட்டிக்கொள்ளலாம், மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. ஒரு இயந்திரத்துக்கு வாக்கப்பட்டவள் போல மாட்டிக்கொண்ட ஒரு பெண்ணின் கதையைச் சொல்லப் போகிறேன். பேய்க்கதை இல்லை. ஆனால் நடுவில் ஒரு தடவை விளக்கு அணையும். பயந்த சுபாவம் உள்ளவர்கள் பக்கத்தில் இருப்பவர் கையை இப்போதே பிடித்துக்கொள்ளுங்கள்.

ஒரு கணினிக் கம்பெனி இருந்தது. மற்ற வியாபாரிகளின் சர்வர்களை ஓட வைப்பது அதன் தொழில். சர்வர் என்றால் வேறொன்றும் இல்லை, ஊரே ஒரே நேரத்தில் கேள்வி கேட்டாலும் சலிக்காமல் பதில் சொல்கிற பெரிய கணினி. அதற்குள்ளே ஆபரேட்டிங் சிஸ்டம் என்று ஒன்று இருக்கும். கூட்டுக் குடும்பத்தை நடத்துகிற மூத்த மருமகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். யாருக்கு எந்த அறை, எந்தச் சாமான் எந்த அலமாரியில், யாரை உள்ளே விடலாம், யாரை வாசலோடு அனுப்பலாம், எல்லாம் அவள் கையில். அவள் படுத்துவிட்டால் வீடே படுத்துவிடும்.

அந்தக் கம்பெனியின் வரவேற்பறையில் ஒரு பலகை தொங்கியது. 'வணிக சர்வர் இயங்குதளங்களில் நீண்ட அனுபவம்' என்று எழுதியிருக்கும். முதலாளி அதைத் தன் கைக்குட்டையாலேயே துடைப்பார். புது வாடிக்கையாளர் யார் வந்தாலும் பலகையைக் காட்டிவிட்டு, கையோடு மூன்றாம் மாடிக்குக் கூட்டிப்போய், கடைசி அறையின் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் பெண்ணையும் காட்டுவார்.

"எங்க அனுபவம்னா இவங்கதான்" என்பார்.

அவள் எழுந்து வணக்கம் சொல்வாள். கதவுக்கு இந்தப் பக்கம் நிற்பவர்கள் சிரிப்பார்கள். அந்தப் பக்கம் நிற்பவளுக்கு மீன்தொட்டி ஞாபகம் வரும்.

அலுவலகத்தில் அவளை எல்லாரும் அக்கா என்றே கூப்பிட்டார்கள். அவளைவிட மூத்தவர்களும் அக்கா என்றார்கள். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

அக்காவுக்கு எதிரே, இரும்புச் சட்டத்துக்குள், பழுப்பு நிறத்தில் ஒரு சர்வர் உறுமிக்கொண்டிருந்தது. அதற்குப் பெரியவர் என்று பெயர். ஒரு மருந்து மொத்த வியாபாரியின் கணக்கும் கிடங்கும் பெரியவருக்குள் இருந்தன. ஊரில் எந்த மருந்துக் கடைக்கு எந்தப் பெட்டி போக வேண்டும் என்று அவர் சொன்னால்தான் வண்டி கிளம்பும். அவர் வயிற்றில் இருந்த இயங்குதளத்தைச் செய்தவர்களே அதைக் கைகழுவி வெகு காலம் ஆகிவிட்டது. புதுசாக மாற்றலாம் என்று வியாபாரி வருஷா வருஷம் சொல்வார். வருஷா வருஷம் வேறு செலவு வந்துவிடும்.

பெரியவரைப் பற்றி ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. அவரை நிறுத்தக் கூடாது.

முன்னொரு காலத்தில், அக்கா வேலைக்குச் சேர்ந்த புதிதில், யாரோ அவரை நிறுத்தி மறுபடி எழுப்பப் பார்த்தார்கள். எழவில்லை. அன்றைய மேலாளர் தரையில் உட்கார்ந்து அழுத கண்ணீரை அக்கா நேரில் பார்த்தாள். ஒருவழியாக எழுந்த பிறகு முதலாளி கை உயர்த்திச் சொல்லிவிட்டார், இனி இது ஓடும்போதே எல்லா வேலையும் நடக்கட்டும் என்று. அன்று முதல் எந்த மாற்றமானாலும் ஓட்டத்திலேயே செய்தார்கள். புது அச்சு இயந்திரம் வந்தால் ஓட்டத்தில் சேர்த்தார்கள், முகவரி மாறினால் ஓட்டத்தில் மாற்றினார்கள். ஓட்டத்தில் செய்கிற மாற்றம் நினைவில் மட்டும் நிற்கும் கண்ணுகளா. எழுந்திருக்கும்போது படிக்கிற கோப்பிலும் அதைத் தனியாக எழுதி வைக்க வேண்டும். எழுதியது சரியா என்று அறிய நிறுத்தித்தான் பார்க்க வேண்டும். நிறுத்தவோ கூடாது. இப்படியே நாள் ஓடி, எதை எழுதினோம் எதை விட்டோம் என்று அக்காவுக்கே தெரியாமல் போய்விட்டது. தெரியாது என்பது அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்கள் எல்லாரும் அக்காவுக்கு எல்லாம் தெரியும் என்று நிம்மதியாக இருந்தார்கள்.

அதனால் அக்கா எங்கும் போக முடியாது. தங்கை கல்யாணப் படங்களைப் பார்த்தால் எல்லாரும் மணமேடையைப் பார்க்க, ஓரத்தில் மடியில் கணினியை வைத்துக்கொண்டு குனிந்திருப்பது அக்கா. குளிக்கப் போனாலும் கைபேசியை ஒரு பாலித்தீன் பையில் போட்டுக் கூடவே கொண்டுபோவாள். கணவன் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவன். அவனுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது, ரயிலில் ஒரு பகல் முழுக்கப் போக வேண்டிய ஊர். மகளை அங்கே பள்ளியில் சேர்த்தார்கள். 'நீங்க முன்னாடி போங்க, பெரியவருக்கு ஒரு வழி பண்ணிட்டு வந்துடறேன்' என்று அக்கா ரயிலடியில் சொன்னாள். அந்த வழி இன்னும் வந்தபாடில்லை. அலுவலகத்துக்குப் பின்தெருவில், சமையல் மேடையும் கட்டிலும் ஒன்றையொன்று இடிக்கும் ஒரு வாடகை அறையில் அவள் தனியாகக் கிடந்தாள்.

"எல்லார் நெஞ்சுக்குள்ளயும் படம் பிடிச்சுப் பாக்கறேன்" என்பான் கணவன் போனில். "உன் முதலாளி நெஞ்சுக்குள்ள என்ன இருக்குன்னு மட்டும் பிடிபடல."

மகள் ஒரு நாள் ஓடும் பஸ்ஸில் இருந்து பேசினாள். "அம்மா, பெரியவர் இன்னும் சாகலையா? அவர் செத்தாத்தானே நீ வருவ?"

பக்கத்து இருக்கைப் பெண்மணி, இப்படியா பிள்ளை வளர்ப்பது என்று கணவனைப் பார்த்த பார்வையில் அவன் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டானாம். அக்கா போனில் சிரித்தாள். வைத்த பிறகு வெகுநேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலாளி கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் கத்துகிறவராக இருந்திருந்தால் அவள் எப்போதோ போயிருப்பாள். முதுகு வலிக்கிறது என்றால் மறுநாளே நல்ல நாற்காலி வந்துவிடும். ஊருக்குப் போகணும் என்றால் கண் கலங்கிவிடுவார். "போம்மா, தாராளமா போ. உன்னைப் பிடிச்சு வைக்க நான் யாரு? ஒரு ஆள் மட்டும் தயாராகட்டும்." ஆள் தயாராவதே இல்லை.

ஆள் ஒருவன் இருந்தான் என்பதுதான் வேடிக்கை. கம்பெனியில் அவனுக்குப் புதுசு என்று பெயர். தலை பாதி நரைத்துவிட்டது, இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், இருந்தாலும் பெரியவர் எழுந்ததைக் கண்ணால் பார்க்காதவன் எவனும் அங்கே புதுசுதான். மற்ற சர்வர்களை எல்லாம் அவன் ஒற்றைக் கையால் மேய்ப்பான். பெரியவர் பக்கம் கை நீட்டினால் மட்டும் அக்கா, "விடு விடு, நான் பாத்துக்கறேன்" என்று விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வாள். சொல்லிச் சொல்லி அந்த வாக்கியம் அவள் வாயில் தானாக வர ஆரம்பித்திருந்தது.

இப்படி இருக்கையில் கட்டடக்காரர் ஒரு நாள் வந்து, தூண் எல்லாம் வெடித்துக் கிடக்கிறது, இடித்துக் கட்டப் போகிறேன், காலி செய்யுங்கள் என்றார். பக்கத்துக் கட்டடத்தின் தரைத்தளத்திலேயே இடம் கிடைத்தது. மேசை, நாற்காலி, மற்ற சர்வர்கள் எல்லாம் போய்ச் சேர்ந்தன. வெறிச்சோடிய மூன்றாம் மாடியில் பெரியவரும் அக்காவும் மட்டும் மிச்சம்.

"ஞாயித்துக்கிழமை எனக்கு வியாபாரம் கிடையாது" என்று மருந்துக்காரர் போனில் சொல்லிவிட்டார். "காலைல நிறுத்துங்க, தூக்கிட்டுப் போய் வைங்க, சாயங்காலம் எழுப்புங்க. எனக்கு என்ன?"

அக்கா போனை வைத்தாள். முதலாளி அவள் முகத்தைப் பார்த்தார்.

"நிறுத்தினா வருமா?"

"தெரியல சார்."

"உனக்கே தெரியலையா?"

"எனக்கும் தெரியல."

முதலாளி அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். பிறகு அந்த ஊரில் வேறு யாருக்கும் தோன்றியிருக்க முடியாத ஒரு யோசனை அவருக்குத் தோன்றியது. "அப்போ நிறுத்த வேண்டாம். ஓட ஓட அப்படியே தூக்கிட்டுப் போயிடுவோம்."

புதுசு வாயைத் திறந்தான். "சார், நாளைக்கு அதுல யாரும் வேலையே செய்யப் போறதில்ல. சும்மா ஓடுறதுக்காக ஓட விட்டு…"

"நீ சும்மா இரு. உனக்கு இதோட சரித்திரம் தெரியாது."

பெரியவருக்கு மின்சாரம் எடுக்க இரண்டு வால் உண்டு. ஒன்றை யு.பி.எஸ். என்கிற பேட்டரிப் பெட்டியில் செருகி, மற்றதைச் சுவரில் இருந்து பிடுங்கிவிட்டால் பேட்டரி தீரும்வரை மூச்சு நிற்காது. ஞாயிறு காலை தள்ளுவண்டியில் மெத்தையை விரித்து, அதன் மேல் பெரியவரைப் பிரசவித்தவளைக் கிடத்துவது போலக் கிடத்தினார்கள். பக்கத்தில் பேட்டரி. ஒரு கம்பி வழியாகப் பெரியவரோடு பேசும் மடிக்கணினி அக்காவின் கையில். முதலாளி வண்டியின் கைப்பிடியைத் தானே பிடித்தார். லிஃப்ட்டுக்குள் இடம் போதாது என்று புதுசு படிக்கட்டில் இறங்கி ஓடினான், கீழே கதவைப் பிடித்துக்கொள்ள.

"மெதுவா, மெதுவா" என்று முதலாளி தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

கதவு மூடியது. லிஃப்ட் ஒரு குலுக்கலோடு இறங்கியது. இறங்கிக்கொண்டே இருக்கும்போது விளக்கு அணைந்தது. லிஃப்ட் நின்றது.

நடந்தது இதுதான். இயந்திரம் அறையை விட்டு வெளியே போனதும் மூன்றாம் மாடியின் மின்சாரத்தைத் துண்டித்துவிடுங்கள் என்று முதலாளிதான் எலக்ட்ரீஷியனிடம் சொல்லி வைத்திருந்தார். அந்த மனிதர் சொன்ன சொல் தவறாதவர். தள்ளுவண்டி அறையைத் தாண்டியதைப் பார்த்தார், கீழே மெயின் ஸ்விட்ச் இருக்கும் அறைக்குப் போனார், கைப்பிடியை இழுத்தார், அந்த அறையைப் பூட்டிவிட்டுச் சாப்பிடக் கிளம்பினார். அந்தப் பழைய கட்டடத்தில் லிஃப்ட்டும் அதே கைப்பிடியில்தான் தொங்கியது. பெரியவருக்குப் பேட்டரி வேண்டும் என்று தலையைப் பிய்த்துக்கொண்டவர்களில் ஒருவருக்கும் லிஃப்ட்டுக்கு யார் பேட்டரி வைப்பார்கள் என்று தோன்றவில்லை.

இருட்டில் மடிக்கணினியின் வெளிச்சம் மட்டும். பெரியவர் எப்போதும் போல உறுமிக்கொண்டிருந்தார். பேட்டரிப் பெட்டி கீச் என்றது. சற்று விட்டு மறுபடியும் கீச் என்றது.

கதவிடுக்கு வழியாகப் புதுசின் குரல் எங்கோ கீழேயிருந்து வந்தது. "அக்கா… மெயின் ரூம் பூட்டியிருக்கு. சாவி எலக்ட்ரீஷியன் பாக்கெட்ல. நான் தேடிட்டு வரேன்."

"போன் போடுப்பா" என்று முதலாளி கத்தினார்.

"போட்டேன் சார். போன் மெயின் ரூமுக்குள்ளயே அடிக்குது."

முதலாளி கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். "பேட்டரி தாங்கும்ல?"

எவ்வளவு மிச்சம் என்று காட்டும் பெட்டியின் சின்ன விளக்குகளை அக்கா பார்த்தாள். புதிதில் நன்றாகத் தாங்கியிருக்கும். அதுவும் வயதானதுதான்.

"தாங்காது சார்."

"கொஞ்ச நேரம் பாக்கலாம்."

"கொஞ்ச நேரம்தான் இருக்கு. அதைப் பாத்துக்கிட்டே கழிச்சா அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது. இப்பவே நிறுத்தணும்."

"வேண்டாம்மா." அவர் குரல் குழந்தையின் குரல் போல ஆகிவிட்டது. "நின்னுட்டா வரலைன்னா? அந்த மனுஷன் நாளைக்குக் காலைல வண்டி அனுப்பணும். மருந்தும்மா. புடவை வியாபாரம் இல்ல. என் பேரு போச்சு, இத்தனை வருஷ அனுபவமும் போச்சு."

"எப்படியும் நின்னுடத்தான் போகுது சார். நாமளா நிறுத்தினா படுத்துத் தூங்கும். தானா நின்னா விழுந்து உடையும்."

கீச்.

அந்த இருட்டில் அவளுக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. பெரியவர் எழுந்திருக்காவிட்டால் அவரை எழுப்பும்வரை அவள் போக முடியாது. எழுந்துவிட்டால் அவரைக் காக்க அவள் இருக்க வேண்டும். எந்தப் பக்கம் போனாலும் அதே சுவர். இந்த லிஃப்ட்டில் இப்போதுதான் மாட்டிக்கொண்டோம் என்று முதலாளி நினைக்கிறார். அவளுக்கு இந்த இடம் பழகிய இடமாக இருந்தது. கொஞ்சம் சின்னது, அவ்வளவுதான்.

சம்மணம் போட்டுத் தரையில் உட்கார்ந்தாள். மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு, பெரியவரின் நினைவில் இருப்பதை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, எழும்போது படிக்கிற கோப்போடு ஒப்பிட ஆரம்பித்தாள். இத்தனை காலம் பயந்து ஒதுக்கிய வேலை அது. திரையின் வெளிச்சம் மங்கியது, எழுத்துகள் கண்ணில் நழுவின.

"சார், உங்க போன் விளக்கைப் போட்டு, பேட்டரிப் பெட்டில எத்தனை விளக்கு எரியுதுன்னு சொல்லிக்கிட்டே இருங்க."

"மூணு."

அச்சு இயந்திரங்கள். இருக்கிறது. கிடங்கின் முகவரி. அதுவும் எழுதியிருக்கிறாள். எப்போது எழுதினாள் என்று ஞாபகமே இல்லை, ஆனால் எழுத்து அவளுடைய எழுத்துதான். ஒவ்வொரு வரிக்கு மேலும் என்ன, ஏன் என்று ஒரு குறிப்பு வேறு. கணக்கெல்லாம் சேமித்திருக்கும் இரண்டாவது வட்டு. எழுதியிருக்கிறாள். அவளுக்கே அழுகை வரும் போல இருந்தது. மலை போல நினைத்துப் பயந்து கிடந்த இடத்தில், முழுதாகப் பார்த்தால் ஒரு கைப்பிடி வரிகள்தான் விடுபட்டிருந்தன.

"ரெண்டு" என்றார் முதலாளி. பிறகு மெல்லச் சொன்னார். "இதுக்குள்ள சிஸ்டத்தை முதமுதல்ல ஏத்தினது நான்தான், தெரியுமா? பிளாப்பித் தட்டு ஒவ்வொண்ணா மாத்தி மாத்திப் போடணும். ஒரு தட்டு கெட்டாலும் முதல்ல இருந்து. என் பொண்டாட்டி சாப்பாடு கட்டிக்கிட்டு வந்து பக்கத்துல உக்காந்திருந்தா."

"அப்ப பயம் இல்லையா சார்?"

"இல்ல. கெட்டா மறுபடி ஏத்திக்கலாம்னு இருந்தேன்." அவர் குனிந்து பெட்டியைப் பார்த்தார். "எப்ப பயம் வந்துச்சுன்னு தெரியல. ஒண்ணும்மா. ஒரு விளக்குதான்."

அக்கா கடைசி வரியை எழுதிச் சேமித்தாள். நிறுத்தச் சொல்லும் கட்டளையைத் தட்டினாள். கை நடுங்கியது, எழுத்துப் பிழை விழுந்தது, அழித்து மறுபடி தட்டினாள். அனுப்பும் பொத்தானின் மேல் விரல் நின்றது. முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். அவள் அமுக்கினாள்.

பெரியவர் வேலைகளை ஒவ்வொன்றாகக் கீழே வைத்தார். கடையை மூடுகிறவர் ஒவ்வொரு பலகையாகப் போடுவது போல. பிறகு விசிறிகள் இறங்கி இறங்கி, ஓய்ந்தன.

அப்படி ஒரு அமைதி. முதலாளி மூச்சு விடுவதும், எங்கோ ஒரு குழாய் சொட்டுவதும், தன் காதுக்குள் ரத்தம் ஓடுவதும் அக்காவுக்குக் கேட்டன. அந்த உறுமல் இல்லாமல் அவள் விழித்திருந்த நேரமே வருஷக்கணக்கில் இல்லை. பயமாக இருக்கும் என்று நினைத்தாள். தூக்கம்தான் வந்தது.

"நீ ஏதாவது சொல்லேன்" என்றார் முதலாளி.

"என்ன சார் சொல்ல?"

"ஏதாவது. சத்தம் இல்லாம ஒரு மாதிரியா இருக்கு."

எலக்ட்ரீஷியனைப் புதுசு ஓட்டலில் கண்டுபிடித்து, கழுவாத கையோடு இழுத்து வந்த பிறகுதான் விளக்கு எரிந்தது. லிஃப்ட் ஒன்றுமே நடக்காதது போல இறங்கித் தரையைத் தொட்டது.

புது அறையில் சுண்ணாம்பு வாடை அடித்தது. பெரியவரைச் சட்டத்தில் ஏற்றி, இரண்டு வாலையும் செருகி, அக்கா பொத்தானை அமுக்கினாள். விசிறிகள் கனைத்தன. திரையில் வரிகள் ஊர்ந்தன. அச்சு இயந்திரங்கள் வந்தன, கிடங்கு வந்தது, இரண்டாவது வட்டு வந்தது. கடைசியில், யார் நீ என்று கேட்கும் அந்தப் பழைய கேள்வி வந்து கண் சிமிட்டியது.

பெரியவர் எழுந்துவிட்டார்.

முதலாளி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். பிறகு எழுந்து வந்து அக்காவின் தலையில் கை வைத்தார். "நீ இல்லன்னா இன்னிக்கு நான் இல்லம்மா. உன்னைப் போய் எப்படி அனுப்புவேன் சொல்லு." அவர் கண் உண்மையாகவே கலங்கியிருந்தது. புதுசின் பக்கம் திரும்பினார். "கேட்டுக்க. இனிமே எந்தக் காரணத்துக்காகவும் இதை நிறுத்தக் கூடாது. சரியா? நிறுத்தவே கூடாது."

புதுசு தலையாட்டினான். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். எதையும் தொட்டுவிடாதே என்று மிரட்டி உறவினர் வீட்டுக்குக் கூட்டிவந்த பிள்ளை அப்படித்தான் நிற்கும். அக்கா அந்தக் கட்டிய கையைப் பார்த்தாள். அதை அப்படிக் கட்டி வைத்தது முதலாளி மட்டும் இல்லை.

"இன்னொரு தடவை நிறுத்தணும் சார்" என்றாள்.

"என்னது?"

"புதுசு நிறுத்தணும். புதுசு எழுப்பணும். நான் இந்த ரூம்ல இருக்க மாட்டேன்."

"உனக்கு என்னம்மா ஆச்சு? இப்பத்தான் உசிரு திரும்பி வந்திருக்கு."

"நாளைக்கு எனக்குக் காய்ச்சல் வந்தா?"

"உனக்கு வராது."

"சார்."

"சரி, வந்தா வரட்டும், அப்ப பாத்துக்கலாம். இப்ப எதுக்கு நல்லா ஓடுறதைப் போய்…"

"நான் ஊருக்குப் போறேன் சார்."

"போன வருஷமும் இதைத்தான் சொன்ன."

"போன வருஷம் கேட்டேன். இப்ப சொல்றேன்." அவள் குரல் உயரவில்லை. "நான் போறது போறதுதான். புதுசு கையால இது ஒரு தடவை எழுந்ததைப் பாத்துட்டுப் போறேனா, பாக்காம போறேனா, அதை மட்டும் நீங்க சொல்லுங்க."

முதலாளி அவளைப் பார்த்தார், பெரியவரைப் பார்த்தார். லிஃப்ட் சுவரில் சாய்ந்ததில் ஒட்டிய அழுக்கு அவர் சட்டையில் அப்படியே இருந்தது. அதைத் தட்டிக்கொண்டே சொன்னார், "இன்னிக்கு ஞாயித்துக்கிழமைதானே" என்று. சம்மதம் என்கிற வார்த்தை அவர் வாயில் அப்படித்தான் வந்தது.

"அக்கா" என்றான் புதுசு. "எனக்குக் கை நடுங்குது."

"நடுங்கட்டும். நடுங்குற கையாலயும் டைப் அடிக்கலாம். லிஃப்ட்ல நான் அப்படித்தான் அடிச்சேன்."

"நீங்க இங்கயே நில்லுங்களேன். பேச மாட்டீங்க, சும்மா நில்லுங்க."

"நின்னா பேசிடுவேன். என்னை எனக்குத் தெரியும்."

வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். இங்கேயும் கண்ணாடிக் கதவுதான். முதல் தடவையாக அவள் இந்தப் பக்கம் நின்றாள்.

புதுசு உட்கார்ந்தான். தட்டினான். பெரியவர் பலகை பலகையாகக் கடையை மூடினார். கண்ணாடி வழியாகச் சத்தம் கேட்கவில்லை. திரை கறுத்ததை மட்டும் பார்த்தாள். அவன் ஒன்று, இரண்டு மூச்சு விட்டான், பொத்தானை அமுக்கினான். வரிகள் ஊர ஆரம்பித்தன. பாதி வழியில் நின்றன.

முதல் தடவை எழுந்தபோது கேட்காத எதையோ பெரியவர் இப்போது கேட்டிருந்தார். வயசானவர்கள் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஒற்றை வரி, அதன் முடிவில் ஒரு கேள்விக்குறி. தூரத்தில் இருந்து எழுத்துத் தெரியவில்லை. புதுசு திரும்பிக் கதவைப் பார்த்தான். அவன் முகம் வெளுத்திருந்தது. முதலாளியும் திரும்பிப் பார்த்தார்.

அக்காவின் கை கதவின் பிடிக்குப் போய்விட்டிருந்தது. எப்போது போனது என்று அவளுக்கே தெரியாது. 'விடு விடு, நான் பாத்துக்கறேன்' என்பது தொண்டைக்குள் வந்து முட்டிக்கொண்டு நின்றது. பிடி குளிர்ந்திருந்தது. அதைத் திருப்ப வேண்டியதுதான் பாக்கி. திருப்பினால் எல்லாம் சரியாகிவிடும். எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கையை எடுத்தாள். எடுத்த கையை வைக்க இடம் தெரியாமல் மற்ற கைக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு அவன் பார்க்கும்படியாகவே கண்ணாடிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள்.

எதிரே வெறும் சுவர், ஈரம் காயாத சுண்ணாம்பு. அதைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றாள் என்று சொல்லத் தெரியவில்லை. முதுகுக்குப் பின்னால் கதவு திறந்தது. பெரியவரின் உறுமல் வெளியே வழிந்தது.

"வந்துட்டாருக்கா" என்றான் புதுசு. சட்டை முழுக்க வேர்வை. "நடுவுல ஒண்ணு கேட்டுச்சு. அதுக்கு நான் என்ன…"

"சொல்லாத" என்றாள் அக்கா.

அவன் திகைத்தான். பிறகு அவனுக்கும் புரிந்திருக்க வேண்டும், வாயை மூடிக்கொண்டான். உள்ளே முதலாளி பெரியவருக்கு முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார், திரும்பவில்லை. அக்கா கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். பகல் ரயில் போய்விட்டிருக்கும். பஸ் இருக்கும், மாறி மாறிப் போனால் விடிவதற்குள் போய்விடலாம். தெருவில் வெயில் இன்னும் இருந்தது. கண் கூசியது. நடக்க நடக்க அவள் கை இரண்டு தடவை கைபேசியைத் தேடிப் பைக்குள் போய், அதை எடுக்காமலே திரும்பி வந்தது.

பெரியவர் அன்று என்ன கேட்டார், புதுசு என்ன பதில் சொன்னான் என்பது அவளுக்கு இன்றுவரை தெரியாது. அந்த இயந்திரத்தைப் பற்றி அவளுக்குத் தெரியாமல் வேறு ஒருவருக்குத் தெரிந்த முதல் சங்கதி அது.

அவ்வளவுதான் கண்ணுகளா, பிடித்த கையை விடலாம். உங்கள் வீடு நன்றாக இருக்கட்டும். உங்கள் அடுப்பை உங்களில் யார் வேண்டுமானாலும் பற்ற வைக்கத் தெரிந்திருக்கட்டும், உங்கள் வாசலை யார் வேண்டுமானாலும் பூட்டவும் திறக்கவும் முடியட்டும். வெளியூரில் இருக்கும் உங்கள் பிள்ளை சீக்கிரம் வந்து சேரட்டும். ஒருவர் அயர்ந்து படுத்தால் இன்னொருவர் சத்தமில்லாமல் எழுந்து விளக்கேற்றும் வீடாக அது இருக்கட்டும். போய்ச் சாப்பிடுங்கள்.